மாலை வண்டியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: ராமநாதபுரம் கடலோரத்தில் கூரியர் அனுப்பப் புதிதாக வருபவர்களுக்கு

"அக்கா, வண்டி இப்பத்தான் கிளம்புச்சு. இனி நாளைக்குத்தான்."

தொழில் தொடங்கிய புதிதில் கூரியர் கடைத் தம்பி இதை என்னிடம் சொல்லாத வாரமே கிடையாது. உச்சிப்புளியிலிருந்து கருப்பட்டி, கருவாடு, பனை ஓலைப் பெட்டி மூன்றையும் வெளியூருக்கு அனுப்பி வருகிறேன். பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, டேப் ஒட்டிய கை பிசுபிசுக்க ஓடினால், கடை வாசலில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். எனக்கு ஐந்து நிமிடத் தாமதம். வாங்குகிறவருக்கு ஒரு முழு நாள். அது சனிக்கிழமையாக இருந்துவிட்டால் இரண்டு நாள்.

பெட்டியைக் கொடுத்துவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். சென்னை, கோவைக்காரர்களுக்கு அது ஓரளவு சரி. நாம் இருப்பது வழியின் கடைசி முனை. ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி, எங்கே புக் செய்தாலும் பெட்டி பெரும்பாலும் ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து சுமார் 115 கிலோமீட்டர் தாண்டி மதுரை போய், அதன்பிறகுதான் ஊர் ஊராகப் பிரியும். 'ஏர்' என்று கூடுதல் பணம் கட்டினாலும் மதுரை வரை லாரிதான். நம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. தமிழ்நாட்டுக்குள் போகிற பார்சலுக்கு ஏர் கட்டணம் கொடுப்பது என்னைக் கேட்டால் வீண். டெல்லி, கொல்கத்தா என்றால் யோசிக்கலாம்.

முதலில் தேதியைப் பிடியுங்கள்

ஆர்டர் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கு எந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும்?" விலையெல்லாம் அப்புறம். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன்.

கோவையில் வெள்ளிக்கிழமை தேவை என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமையே டெலிவரி ஆகிவிட வேண்டும்; வெள்ளிக்கிழமை கணக்கிலேயே கிடையாது, அது தவறினால் தாங்குகிற நாள். டெலிவரிக்காரர் கையில் ஏற வியாழன் காலையில் பெட்டி கோவைக் கிளையில் இருக்க வேண்டும். அப்படியானால் புதன் இரவு மதுரையை விட்டிருக்க வேண்டும். செவ்வாய் மாலை வண்டியில் இங்கிருந்து ஏறினால்தான் புதன்கிழமை மதுரையில் பிரித்து அடுக்க நேரம் கிடைக்கும். நம் முனைக்கென்று ஒரு நாள் சேர்த்தால் திங்கள் மாலை. அதாவது ஞாயிற்றுக்கிழமை கட்டி முடித்திருக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் சரக்கு வீட்டில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தேவைக்கு முந்தைய சனிக்கிழமையே வேலை தொடங்குகிறது. வாடிக்கையாளர் புதன்கிழமை போன் செய்து கேட்டால், "முடியாதுங்க" என்று சொல்லப் பழகுங்கள். முடியும் என்று சொல்லிவிட்டுத் தவறுவதுதான் கெட்ட பெயர்.

உங்கள் கிளையில் மாலை வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். கடை மூடும் நேரத்தைச் சொல்வார்கள். அது வேறு, வண்டி கிளம்பும் நேரம் வேறு. கடை இரவு எட்டு வரை திறந்திருக்கும், பெட்டியையும் வாங்கிக்கொள்வார்கள், ரசீதில் இன்றைய தேதியும் இருக்கும். ஆனால் பெட்டி ராத்திரி முழுக்க அங்கேயே தூங்கும்.

அந்த ஊருக்குப் போகிறதா?

வாடிக்கையாளரிடம் முகவரி வாங்கும்போது பின்கோடு கண்டிப்பாக வேண்டும். நம் பக்கம் எல்லாம் 623-இல் தொடங்கும். வாங்குகிறவருடைய ஆறு இலக்கத்தைக் கூரியர் தளத்திலோ கடையிலோ போட்டுப் பார்த்து, டெலிவரி உண்டா என்று உறுதி செய்யுங்கள். சில ஊர்களை 'ஓடிஏ' என்பார்கள், அதாவது வழக்கமான டெலிவரி எல்லைக்கு வெளியே. அங்கே போக கூடுதல் கட்டணமும் கூடுதல் நாளும் ஆகும். இல்லாவிட்டால் "கிளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வாடிக்கையாளருக்குப் போன் போகும்.

இதே கதை நம் பக்கமும் உண்டு. வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்கிற பிக்கப் வசதி ஆப்பில் 'உண்டு' என்று காட்டும்; வாலிநோக்கம், மூக்கையூர் மாதிரி ஊர்களுக்கு ஆள் வருவாரா என்பது வேறு விஷயம். முதல் மாதம் பிக்கப்பை நம்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். தினமும் பத்துப் பெட்டி சேரும் நிலை வந்ததும், கிளை மேலாளரிடம் பேசி ஒரு நேரத்தை முடிவு செய்துகொள்ளலாம். அப்போது மாதக் கணக்கும், தனி ரேட் கார்டும் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் யாரும் குறைக்க மாட்டார்கள்.

தனியார் கூரியர் போகாத ஊருக்கும் தபால்காரர் போவார் என்பதை மறக்க வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டில் 35 கிலோ வரை பார்சல் எடுக்கிறார்கள். மலைக்கிராமத்துக்கோ வடகிழக்கு மாநிலத்துக்கோ அனுப்ப வேண்டியிருந்தால் நான் நேரே தபால் நிலையம்தான் போவேன். (பழைய வாடிக்கையாளர்கள் சிலர் "ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு" என்பார்கள். 2025-இல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.)

காற்றுக்கும் காசு உண்டு

புதியவர்கள் அதிகமாக அடிபடும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கூரியரில் எடை இரண்டு வகை. ஒன்று தராசு காட்டுவது. இன்னொன்று பெட்டி அடைக்கும் இடத்துக்கான எடை, 'வால்யூமெட்ரிக்' என்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது பரவலான கணக்கு. சில நிறுவனங்கள் அதைவிடச் சிறிய எண்ணால் வகுப்பார்கள், அப்போது எடை இன்னும் ஏறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம்.

கருப்பட்டிக்கு இந்தப் பயம் இல்லை. 30, 25, 20 அளவுள்ள பெட்டியில் 10 கிலோ அடங்கும். இடக் கணக்கு 3 கிலோதான் வரும், ஆகவே தராசு எடையே பேசும். குண்டு மிளகாய் (முண்டு மிளகாய் என்பதும் இதுதான்) எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு வெளியூரில் கேட்டு வாங்குகிறவர்கள் எனக்கே வந்தார்கள். ஐந்து கிலோ மிளகாய்க்கு 40, 35, 35 அளவில் பெட்டி போட்டேன். பெருக்கினால் 49,000, வகுத்தால் 9.8 கிலோ. ஐந்து கிலோவுக்கு விலை சொல்லிவிட்டுப் பத்துக் கிலோவுக்குக் கூரியர் கட்டினேன். அழுத்தி அடைத்தால் மிளகாய் உடைந்து விதை கொட்டும். குண்டாக, முழுசாக இருப்பதற்குத்தானே அதன் விலை?

ஓலைப் பெட்டி இன்னும் மோசம். தாம்பூலம் போடுகிற சின்னப் பெட்டி ஐம்பதை மூடியோடு ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கினால் 60, 40, 40 வேண்டும். தராசில் நாலு கிலோ. கணக்கில் 19.2, அதை 20 ஆக்கிவிடுவார்கள். இருநூறு பெட்டி என்றால் நாலு அட்டைப்பெட்டி, 80 கிலோ. கிலோவுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,800 ரூபாய். தராசு எடைக்கு என்றால் 960 ரூபாய்தான். நடுவில் இருக்கும் 3,840 ரூபாய் வெறும் காற்றுக்கு.

இதற்கு நான் செய்வது இரண்டு. எண்ணிக்கை அதிகமானால் கூரியரை விட்டுவிட்டு ஆம்னி பஸ் பார்சலுக்குப் போவேன். அங்கே பெரும்பாலும் உருப்படிக்கு இவ்வளவு என்று கண்ணால் பார்த்துப் பேசி வாங்குவார்கள். வாடிக்கையாளர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும், அதை முன்பே சொல்லிவிட வேண்டும். எண்ணிக்கை குறைவானால் ஓலைப் பெட்டிக்குள் கருப்பட்டியை வைத்து ஒரே சரக்காக விற்றுவிடுவேன். காற்று இருந்த இடத்தில் எடை வந்துவிடும். இதே யோசனையில் ஒருமுறை மிளகாயையும் கருப்பட்டியையும் ஒரே பெட்டியில் அனுப்பிவிட்டேன். திருச்சிக்கார அம்மா போனில், "காபி காரமா இருக்கும்மா" என்றார். அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, கட்டணம் அரைக் கிலோ படிகளில் ஏறும். ஒரு கிலோ கருப்பட்டியைப் பெட்டி, தாள், டேப் எல்லாம் சேர்த்து நிறுத்தினால் 1,150 கிராம் வரும். ஒன்றரைக் கிலோவுக்குப் பணம் கொடுப்பீர்கள். அதனால் நான் 850 கிராம், 1,300 கிராம் என்று கட்டி விற்கிறேன். "இதென்ன கணக்கு?" என்று கேட்பவர்களுக்குக் காரணத்தைச் சொன்னால் சிரித்துக்கொண்டு வாங்குகிறார்கள்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தராசும் தையல் டேப்பும் கட்டாயம் வேண்டும். மூடிய பெட்டியைத் தராசில் வைத்து, டேப்பையும் பக்கத்தில் பிடித்து, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆப் வழியாகப் பல கூரியர்களில் புக் செய்கிறவர்களுக்கு இது மிக முக்கியம். பெட்டி போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து "எடை அதிகம்" என்று பணம் பிடிப்பார்கள். அப்போது பேச உங்களிடம் இருப்பது அந்தப் போட்டோ மட்டும்தான்.

கட்டுவது

கருவாட்டைப் பல கிளைகளில் வாங்க மாட்டார்கள். மறைத்து 'உணவுப் பொருள்' என்று கொடுத்துவிட்டு மதுரையில் மாட்டிக்கொள்வதைவிட, முதலிலேயே "கருவாடுதான், வாக்யூம் பேக் செய்தது" என்று சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிளை எடுக்கிறதோ அதோடு இருந்துவிடுங்கள். வாக்யூம் போடும் முன் கருவாடு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; நெத்திலியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னொரு வெயில் வேண்டும். முள் கவரைக் குத்தும், அதனால் முதலில் தடித்த தாளில் சுற்றி அப்புறம் கவர். அதன்மேல் இன்னொரு கவர். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு கசிந்தாலும் அட்டைப்பெட்டியின் அடி ஊறி, மேலே வைக்கும் பெட்டியின் பாரத்தில் பிளந்துவிடும். பக்கத்தில் இருக்கும் யாருடைய கல்யாணப் புடவைப் பார்சலோ நாறும். அந்தப் பாவம் நமக்கு எதற்கு?

மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரத்தை இழுத்து வியர்க்கும். நேரடியாகப் பாலித்தீனில் போட்டால் உள்ளேயே பாகாகும். பட்டர் பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றி, அதன்பிறகு காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஓட்டை விழுந்த பழைய மளிகைப் பெட்டியில் கட்ட வேண்டாம். எறும்பு மதுரைக்கு முன்பே ஏறிவிடும்.

பெட்டியின் மேல் முகவரியைப் பெரிதாக எழுதுங்கள், வாங்குகிறவரின் இரண்டு போன் எண்களோடு. மழை பட்டால் மை கரையும், ஆகவே லேபிளின் மேல் தெளிவான டேப் ஒட்டுங்கள். பார்கோடு மேல் மட்டும் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் ஒரு துண்டுச் சீட்டில் அதே முகவரி இருக்கட்டும். வெளி லேபிள் கிழிந்தால் அதுதான் கதி.

நம் மாவட்டத்துக் காலண்டர்

வெளியூரில் எழுதும் குறிப்புகளில் தீபாவளி, பொங்கல் நெரிசலைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மைதான்: தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மதுரையில் பெட்டிகள் மலையாகக் கிடக்கும், அப்போது என் கணக்கில் இன்னும் இரண்டு நாள் சேர்ப்பேன். ஆனால் நம் பக்கத்துக்கென்று வேறு தேதிகள் இருக்கின்றன.

செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. இரண்டையும் ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவும் போக்குவரத்துக் கட்டுப்பாடும் வரும். மதுரைச் சாலை பரமக்குடி வழியாகத்தான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். கோவையில் ஐப்பசி முகூர்த்தம், நவம்பர் 1. இருநூறு தாம்பூலப் பெட்டி. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கிறதே என்று அக்டோபர் 29 மதியம் புக் செய்தேன். பெட்டிகள் போய்ச் சேர்ந்தது கல்யாணத்துக்கு மறுநாள். பெண்ணின் அம்மா கத்தவில்லை. "சரிம்மா, பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்துட்டோம்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. கூரியர்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேதி பார்க்காதது நான்.

ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றும் ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு. தீவுக்குச் சாலை வழி 1988-இல் திறந்த ஒரே பாலம்தான். அமாவாசைக்கு முதல் நாளிலிருந்து வண்டிகள் ஊர்ந்துதான் வரும். சாதாரண நாளிலேயே கடலைப் பார்க்கவென்று பாலத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நிற்பவர்கள் உண்டு. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே இல்லை. ரயில் பார்சலையே நம்பித் தொழில் செய்தவர்கள் அந்த இரண்டேகால் வருடம் என்ன பாடு பட்டிருப்பார்கள்! ஆகவே தீவில் இருப்பவர்கள் எப்போதும் இரண்டாவது வழி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பாம்பன் தாண்டி மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ ஒரு கிளையில் கணக்கு இருந்தால், அவசரத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மன்னார் வளைகுடாவுக்குள் வந்து நின்ற மாதிரி ஒன்று வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்ததுமே, கட்டி வைத்த பெட்டிகளை அன்றைய மாலை வண்டியிலேயே ஏற்றிவிடுவேன், அல்லது அனுப்பாமல் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுவேன். நடுவழியில் நனைவதைவிட என் வீட்டுப் பரணில் இருப்பது மேல்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கருவாடு விற்பவர்கள் அதற்கு முன்பே சரக்கு எடுத்துக் காயவைத்துக்கொள்ள வேண்டும். நாட்டுப்படகு மீனை மட்டும் நம்பிப் பெரிய ஆர்டருக்குத் தேதி கொடுக்காதீர்கள்.

காகிதங்கள்

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். 14 இலக்க எண்ணை லேபிளில் போடுங்கள். பில்லின் நகல் ஒன்று பெட்டிக்கு வெளியே கவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரே சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டி வெளி மாநிலம் போனால் இ-வே பில் வேண்டும், சரக்கு வழியில் போவதற்காக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு அது. தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். கூரியர் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, விலை சொல்லும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிப்பி, சங்குப் பொருள் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறைத் துண்டு, சில சங்கு இனங்கள் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. "கரையில் கிடந்தது, அழகாக இருக்கிறது" என்று அலங்காரப் பெட்டிக்குள் ஒரு பவளத் துண்டை வைத்து அனுப்பினால், பெட்டி போகாது, நீங்கள்தான் வனத்துறை அலுவலகம் போக வேண்டியிருக்கும். எந்த இனம் என்று தெரியாததைத் தொடவே வேண்டாம்.

பெரிய ஆர்டருக்கு முன் ஒரு சோதனை

ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதை ஒருமுறையாவது படியுங்கள். பெட்டி தொலைந்தால் அவர்கள் தரும் தொகை பெரும்பாலும் சரக்கின் விலைக்குப் பக்கத்தில்கூட இருக்காது. விலை உயர்ந்த சரக்குக்கு மதிப்பை எழுதிக் காப்பீடு போடுங்கள். பெட்டியைக் கையில் கொடுக்கும்போது சரக்குக்குப் பணம் வாங்கும் முறையில் அனுப்பினால், கட்டும் முன் ஒரு போன் செய்து "வீட்டில் இருப்பீர்களா?" என்று கேளுங்கள். திரும்பி வரும் பெட்டிக்கும் நீங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும். கருவாடு இரண்டு முறை மதுரை பார்த்துவிட்டு வந்தால் அதை யார் சாப்பிடுவது?

புது ஊருக்கோ புதுப் பொருளுக்கோ பெரிய ஆர்டர் வந்தால், அதற்கு முன் அதே மாதிரி ஒரே ஒரு பெட்டியைத் தெரிந்தவருக்கு அனுப்பிப் பாருங்கள். நான் தாம்பரத்தில் இருக்கும் என் நாத்தனாருக்கு அனுப்புவேன். எந்த நாளில் எந்த ஊரில் இருந்தது என்று டிராக்கிங்கைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன். போய்ச் சேர்ந்ததும் பிரிக்காமல் நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்வேன், அப்புறம் பிரித்து இன்னொன்று. முதல் தடவை அவள் அனுப்பிய படத்தில் ஒரு மூலை உள்ளே அமுங்கி, ஓலைப் பெட்டிகளில் மூன்று நசுங்கியிருந்தன. மூலைகளில் தாளைக் கசக்கி வைத்து மறுபடி அனுப்பினேன், ஒன்று நசுங்கியிருந்தது. மூன்றாவது தடவை அடுக்கும் திசையை மாற்றி, மூடிப் பக்கம் உள்ளே பார்க்கும்படி வைத்தேன். எல்லாம் முழுசாகப் போயின. "அண்ணி, இன்னும் எத்தனை பெட்டி சும்மா அனுப்பப் போறீங்க?" என்று கேட்டாள். கோவைக்கு அடுத்த ஆர்டர் வந்தபோது அந்த அடுக்கில்தான் கட்டினேன், முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் முன்னதாக.